வலி இல்லை என்ற நாற்பத்திரண்டு பேர்

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஐந்து திங்களாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எனக்கு எழுதவில்லை. நலம் கேட்டுத் தொடங்கினால் நடிப்பாகிவிடும். ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன்.

நேற்று முற்பகல் எங்கள் மிதிவண்டித் தொழிற்சாலை முற்றத்தில் சரக்குப் பிரிவுப் பெண்ணொருத்தி விழுந்தாள். நான் வடிவமைத்த மகளிர் இருக்கை பூட்டிய வண்டி அது. மேடில்லை, பள்ளமில்லை, எதிரே எவருமில்லை. மாடியிலிருந்து தோழி கூப்பிட, இவள் ஒரு கையைத் தூக்கி அசைத்தாள். அடுத்த நொடி தரையில் கிடந்தாள். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். தூக்கிவிட்டபோது அவள் சொன்ன சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது: "சீட்டு என்னைப் பிடிச்சுக்கவே இல்லக்கா."

இருக்கை எப்படிப் பிடித்துக்கொள்ளும்? நாமல்லவா அதன்மேல் அமர்கிறோம்?

நீ விழுந்ததும் அதே முற்றத்தில். அன்றும் உன் ஒரு கை கைப்பிடியில் இல்லை. 'விழுந்ததன் காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று என் சோதனை அறிக்கையில் எழுதினேன். உன் அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துச் சிரித்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நீ பாதித் தட்டில் எழுந்து போனாய். அந்த வரி பொய்யென்று சொல்ல இன்றும் என்னிடம் சான்றில்லை. மெய்யென்று சொல்லும் துணிவும் நேற்றோடு போயிற்று.

ஏப்ரல் முப்பதாம் நாள் இந்த இருக்கையின் வார்ப்பச்சுக்கு நான் ஒப்பமிட வேண்டும். அதன்பின் உன்னைப்போல் வீடுவீடாகச் செல்லும் மூவாயிரம் ஊர்ச்செவிலியர்க்கு இதே இருக்கையோடு வண்டிகள் போகும். விழுவதற்கு முந்திய அந்த ஒரு நிமிடத்தை உள்ளபடி எழுதுவாயா?

அண்ணி


மார்ச் 11

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

உறவுமுறை சொல்லி விளிக்க இன்னும் மனம் வரவில்லை. மன்னிக்க வேண்டாம், மன்னிப்பு நான் கேட்கவும் இல்லை.

பதினொரு ஆண்டுகள் மிதிவண்டியில் சென்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் சென்றேன். ஒரு கையில் குடைபிடித்து எதிர்காற்றில் சென்றேன். வயிற்றில் ஏழு திங்கள் பிள்ளையோடும் சென்றேன். அன்றெல்லாம் விழாதவள், உங்கள் பஞ்சு மெத்தையில் ஏறிக் கால்மணி நேரத்தில் விழுந்தேன் என்றால், குறைந்தது யாருடைய கவனம்? என்னுடையதா? எழுதுகோல் பிடித்த உங்களுடையதா?

நிமிடத்தைக் கேட்டீர்கள், தருகிறேன். உங்கள் மேற்பார்வையாளர், "கையைக் காட்டிட்டு அப்படியே திரும்புங்கம்மா" என்றார். வலக்கையை நீட்டினேன். நீட்டியவுடன் கைப்பிடி மடங்கியது. தொடைகளால் வண்டியைப் பற்றி நிறுத்தப் பார்த்தேன். பற்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை! பழைய இருக்கையின் நீண்ட மூக்கு இரு தொடைகளுக்கும் நடுவே நின்று, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதென்று நொடிக்கு நொடி சொல்லும். கை வேறு வேலை பார்த்தாலும் தொடை ஓட்டிக்கொண்டு போகும். அந்த மூக்கை அறுத்தெறிந்துவிட்டு, அறுத்த இடத்தில் அகலமாய்ப் பஞ்சு நிரப்பி, அதற்கு 'மகளிர் இருக்கை' என்று பெயரும் சூட்டிவிட்டீர்கள். உங்கள் சரக்குப் பிரிவுப் பெண் சொன்னதற்குப் பொருள் இதுதான்.

என் பங்குக்கு ஒரு வினா. நாற்பத்திரண்டு பெண்கள் அதில் அமர்ந்து புகழ்ந்தார்கள் என்கிறது உங்கள் அறிக்கை. அவர்கள் அமர்ந்தபோது வண்டி ஓடியதா, நின்றதா?

அந்த வரியை அடியுங்கள். மற்றவை பிறகு.

ஊர்ச்செவிலி


மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நின்றது.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆயிற்று. எங்கள் சோதனைக் கூடத்தில் இரும்புத் தாங்கி ஒன்று உண்டு. இரு கைகளால் பின்சக்கரத்தின் அச்சை இறுகப் பற்றிக்கொள்ளும். பெண்கள் அதன்மேல் ஏறி அமர்ந்து மிதிப்பார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. இருக்கைமேல் விரித்த அழுத்தத் தாள் எங்கெங்கே எவ்வளவு எடை இறங்குகிறதென்று காட்டும். மூக்கில்லாத இருக்கையில் அந்தத் தாள் மிக அழகாக இருந்தது, அழுத்தம் மிகுந்ததைக் காட்டும் சிவப்பே இல்லை. விழவே முடியாத வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறேன். நன்றாயிருக்கிறது என்றுதானே சொல்வார்கள்?

மூக்கை நான் ஏன் நீக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பெண்களை வருத்துமென்று எனக்குத் தோன்றிற்று. தோன்றிற்று என்பதே சரியான சொல். நான் கடைசியாக வண்டியில் ஏறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால், தொடை ஓட்டும் என்கிறாயே, அதை எப்படி அளப்பது? மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "தொடையையெல்லாம் அளக்க முடியாது மேடம், வம்பாயிடும்" என்று சொல்லி ஓடிவிட்டார். உனக்கு ஏதும் வழி தோன்றுகிறதா? மூக்கில்லாத இருக்கைகள் இரண்டைப் பொதியாக அனுப்பியிருக்கிறேன்.

வரியை அடிக்கவில்லை. சான்றில்லாமல் எழுதியதைச் சான்றில்லாமல் அடிப்பது இரண்டாவது தவறாகும்.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

'நின்றது' என்ற ஒற்றைச் சொல்லுக்காக இந்த விளி. மற்றபடி சினம் சினமாகவே இருக்கிறது.

தொடையை அளக்க வேண்டாம், தடத்தை அளப்போம். எங்கள் நலவாழ்வு நிலையத்தின் பின்னே சிமெண்ட் தரை இருக்கிறது. அதன் தொடக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினோம். நனைந்த சக்கரங்கள் காய்ந்த தரையில் கோடு போட்டுக்கொண்டு போயின. ஓட்டம் நேராக இருந்தால் பின்சக்கரத்தின் கோடு முன்சக்கரத்தின் கோட்டின்மேலேயே விழுகிறது. தடுமாறினால் இரண்டும் பிரிகின்றன. பிரிவின் அகலத்தை விரலால் அளந்தேன். கருவி இல்லையே என்று கலங்குவீர்கள். எங்கள் கருவி கையிலேயே இருக்கிறது.

செவிலியர் அறுவர், ஆளுக்கு மும்முறை, ஒரு கையைத் தூக்கியபடி. கூத்தைக் கேளுங்கள்.

"ஐயோ, பாம்பு நெளிஞ்ச மாதிரில்ல இருக்கு!"

"கையைத் தூக்குன்னா காலையும் சேத்துத் தூக்குறியேடி!"

"நீ முதல்ல ஏறிக் காட்டு, அப்புறம் வாயைத் திற!"

பழைய இருக்கையில் பிரிவு ஒரு விரல்; மிஞ்சினால் ஒன்றரை. உங்கள் இருக்கையில் நான்கு, ஐந்து. வென்றது நான் என்று கூரைமேல் ஏறிக் கூவியிருப்பேன். ஆனால் ஒருத்தி கெடுத்துவிட்டாள். எங்கள் மகப்பேற்றுச் செவிலியை நாங்கள் சுழல்காற்று என்போம். அவள் பழைய இருக்கையில் ஆறு விரல் தடுமாறினாள்! மூக்கிருந்தும் தடுமாற்றம். இடுப்பை இப்படியும் அப்படியுமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"என்னடி, வலிக்குதா?" என்றேன். மருந்து இறக்க வந்த ஓட்டுநர் அருகில் நின்றிருந்தார்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் நீர்த்தடச் சோதனையை எங்கள் முற்றத்திலும் நடத்தினேன். வாளி தூக்கியதைக் கண்டு, "மேடம் முற்றம் கழுவ வந்துட்டாங்க" என்று சாயப்பிரிவில் சிரித்தார்கள். இரண்டாம் நாள் அவர்களே கயிறு கட்டி, விரலளவைக் குறித்துக்கொடுத்தார்கள். முடிவு உன்னுடையதே: மூக்கில்லாத இருக்கையில் ஒரு கையை எடுத்தால் வண்டி அலைகிறது.

உன் சுழல்காற்றைப் போன்றவர்கள் இங்கும் மூவர் இருந்தார்கள். பழைய இருக்கையில் அவர்களில் ஒருத்தி பத்து நிமிடத்தில் பதினேழு முறை எழுந்து இடம் மாறி அமர்ந்ததை நானே எண்ணினேன். ஒவ்வொரு முறையும் கோடு பிரிந்தது. வலி இல்லாதவள் ஏன் பதினேழு முறை இடம் மாற வேண்டும்?

பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் இரண்டு கட்டங்கள் உண்டு: பழைய இருக்கையில் வலி உண்டா, புதிய இருக்கையில் வலி உண்டா. புதியதில் நாற்பத்திரண்டு பேரும் 'இல்லை' என்று குறித்ததைக் கண்டு மகிழ்ந்து அறிக்கை எழுதினேன். பழையதற்கான கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. இன்றுதான் பார்த்தேன். அதிலும் நாற்பத்திரண்டு பேரும் 'இல்லை' என்றே குறித்திருக்கிறார்கள்! இவர்கள் சொல்வது மெய்யானால் நான் புதிய இருக்கை செய்திருக்கவே வேண்டியதில்லை.

கேட்டவர் மேற்பார்வையாளர். முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, "வலி ஒண்ணுமில்லையே? சரி, அடுத்தவங்க வாங்க" என்று கேட்டிருக்கிறார். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். எனக்கு அன்று வேறு கூட்டம் இருந்தது.

நீ செவிலி. உன்னிடம் சொல்வார்கள். கேட்டுப் பார்ப்பாயா?

இன்னும் ஒன்று. நீ விழுந்த வண்டியின் படத்தை மீண்டும் பார்த்தேன். இருக்கையின் முன்பக்கம் இரு விரல் தாழ்ந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் வளைந்ததென்று அப்போது எண்ணினேன். இன்று வண்டியையே தேடியெடுத்துப் பார்த்தேன். எதுவும் வளையவில்லை. திருகாணியைத் தளர்த்தி மீண்டும் இறுக்கிய கீறல்தான் இருக்கிறது. யார் தளர்த்தினார்கள்?

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

முதலில் நீங்கள் கேட்ட முதல் வினா. உடைமாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அறுவரும் அமர்ந்தோம்.  சுழல்காற்று, "சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள். சிரிக்கவில்லை. அதன்பின் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினோம்.

"எனக்கு நடுவுல மரத்துப் போயிடும். இறங்கினா ரெண்டு நிமிஷம் நிக்க முடியாது."

"புண்ணே வந்திருக்கு. களிம்பு போட்டுக்கிட்டுதான் வரேன்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ சொன்னியா?"

 இனி உங்கள் இரண்டாம் வினாவுக்கு வருகிறேன்.

தளர்த்தியவள் நான்.

மகளைப் பெற்று அன்று நான்காம் திங்கள். தையல் முழுதும் ஆறவில்லை. உங்கள் பஞ்சில் அமர்ந்ததும் இடுப்பின் அமரும் எலும்புகள் கீழே புதைந்தன. நடுப்பஞ்சு மேலெழுந்து சரியாகத் தையலை அழுத்திற்று. கண்ணில் நீர் வந்தது. சாயப்பிரிவில் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கி, இருக்கையின் முன்பக்கத்தை இறக்கிவிட்டு இறுக்கினேன். வலி குறைந்தது. ஆனால் உடல் முன்னே சறுக்கி, எடை முழுதும் கைகளில் இறங்கிற்று. அந்தக் கைகளில் ஒன்றைத்தான் நீட்டச் சொன்னார்கள்.

அண்ணன் நின்றார், மேற்பார்வையாளர் நின்றார், வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் நின்றார்கள். யாரிடம் என்னவென்று சொல்வது? நான் யார்? "மறைக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் உடலின் வலியை உரக்கச் சொல்லுங்கள்" என்று மேடைக்கு மேடை முழங்குகிறவள்! ஒலிபெருக்கி முன்னே ஒரு வாய், மிதிவண்டி மேலே வேறொரு வாய். ஆறு திங்களாக உங்கள்மேல் நான் கொட்டிய சினத்தில் பாதி என்மேல் கொட்ட வேண்டியது.

உங்கள் வரி மெய்தான். சோதனை வண்டியைச் சொல்லாமல் மாற்றியவள் நான். அடிக்க வேண்டாம்.

நாத்தனார்


ஏப்ரல் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போனேன். மூக்கில்லாத இருக்கையைச் சாய்க்காமல் பூட்டி ஓட்டச் செய்தேன்: நான்கு விரல். உன்னைப்போல் முன்பக்கத்தை இறக்கி ஓட்டச் செய்தேன்: ஏழு விரல். ஓட்டியவள் இறங்கியதும், "இது கவுத்துடும்க்கா" என்றாள். ஆகவே சாய்த்ததால் மிகுந்தது மூன்று விரல். சாய்ப்பதற்கு முன்பே இருந்த நான்கு விரல் என்னுடையது.

அந்த மூன்று யாருடையது? இதைத்தான் ஒரு வாரமாகச் சிந்திக்கிறேன். வலித்ததால் சாய்த்தாய். சொல்லக்கூடிய இடத்தில், சொல்லக்கூடியவரை வைத்துக் கேட்டிருந்தால் சாய்த்திருக்க மாட்டாய்.

இங்கும் கதவைச் சாத்திக்கொண்டு, இம்முறை நானே கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொருவர் வலியைச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டுப் படத்தில் குறித்துக்கொண்டேன். அமரும் எலும்புகளின் இடைவெளியையும் மீண்டும் அளந்தேன். முதலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளந்திருந்தேன், இப்போது கைப்பிடியைப் பற்றிக் குனிந்தபடி அளந்தேன். அளவே மாறிவிட்டது! பின்பக்கம் எலும்புக்கேற்ற அகலம்; மெல்லிய, கெட்டியான பஞ்சு; நடுவே நீண்ட பிளவு; மூக்கு உண்டு, ஆனால் ஒடுங்கிய மூக்கு. கையால் செதுக்கி ஒன்று செய்தேன். மூவர் ஓட்டினார்கள், பிரிவு ஒன்றரை விரல். பதினேழு முறை எழுந்தவள் இருமுறைதான் எழுந்தாள். இந்த இரண்டும் ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தலைமைப் பொறியாளர் இசையவில்லை. "நாப்பத்திரண்டு பேரும் வலி இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ரெண்டு பேர் விழுந்ததுக்காக அச்சையே நிறுத்தணுமா?" என்கிறார். இப்போது சொன்ன முப்பத்தொருவரில் ஒருவரும் தாளில் எழுதித்தர முன்வரவில்லை. உன் வாக்குமூலம் ஒன்றே எழுத்தில் இருக்கிறது. அதை அறிக்கையில் சேர்த்தால் முப்பதாம் நாள் கூட்டத்தில் எல்லோரும் படிப்பார்கள். சேர்க்காவிட்டால் மூக்கில்லாத இருக்கை மூவாயிரம் பேருக்குப் போகும். ஆனாலும் உன் ஒப்புதல் இல்லாமல் ஓரெழுத்தும் எழுத மாட்டேன். 'வேண்டாம்' என்றால் அதோடு விட்டுவிடுகிறேன். மனத்தில் வைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணி,

எழுதுங்கள்.

நேற்று முன்தினம் முழுவதும் 'வேண்டாம்' என்றே இருந்தேன். கடிதமும் எழுதி உறையிலிட்டுவிட்டேன். நேற்று ஒரு வீட்டில், பிள்ளை பெற்று இருபது நாளான பெண்ணொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "வலிக்குதாம்மா?" என்றேன். கூடத்தில் அவள் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க" என்றாள். அந்த 'இல்லீங்க' என் குரலில் கேட்டது, அண்ணி. திரும்பி வந்து உறையைக் கிழித்தேன்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. 'குடும்ப உறுப்பினர்' என்று என்னைக் குறிக்காதீர்கள். 'ஊர்ச்செவிலி, பதினொரு ஆண்டு ஓட்டுநர்' என்று குறியுங்கள். 'சிறு அசௌகரியம்' என்ற வழவழச் சொல் வேண்டாம்; தையல் என்று எழுதுங்கள், புண் என்று எழுதுங்கள். நான் திருகாணியைத் தளர்த்தியதை மறைக்காதீர்கள். இரக்கத்துக்காக எதையும் குறைக்காதீர்கள்.

இத்துடன் இன்னும் ஐந்து தாள்கள் இருக்கின்றன. இங்குள்ள ஐவரும் எழுதி ஒப்பமிட்டவை. சுழல்காற்றின் கையெழுத்து உங்களுக்குப் புரியாது; அவளுடையதை மட்டும் நான் படியெடுத்திருக்கிறேன்.

நாத்தனார்


மே 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

கூட்டத்தில் ஒன்பது பேர். பெண் நான் ஒருத்தி. அறிக்கையைச் சுற்றுக்கு விட்டால் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள் என்று தெரியும். ஆகவே எழுந்து நின்று வாசித்தேன்.

மூன்றாம் தாளில் மேற்பார்வையாளர், "மேடம், இதையெல்லாம் சத்தமா வாசிக்கணுமா?" என்றார். தலைமைப் பொறியாளர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார், தீர்ந்த குவளையிலேயே மீண்டும் குடித்தார்.  உன்னைப்போல் மேடையேறிப் பழக்கமில்லை எனக்கு. "வாசிக்கணும் சார். நாம கேட்டப்போ அவங்க சொல்லல. இப்போ சொல்லியிருக்காங்க" என்றேன். ஆறு தாளையும் வாசித்து முடித்தேன்.

பிறகு அனைவரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். சரக்குப் பிரிவுப் பெண் இரு இருக்கைகளிலும் ஓட்டிக்காட்டினாள். தலைமைப் பொறியாளர் குந்தி அமர்ந்து தன் விரலாலேயே அளந்தார்.  கடைசியில், "மூக்கு நிலைக்கு வேணும், பிளவு வலிக்கு வேணும். வலிச்சா நெளிவாங்க, நெளிஞ்சா வண்டி ஆடும். ரெண்டும் ஒரே கேள்விதான், இல்ல?" என்றார். இரண்டு மாதமாக நான் தேடியதை அவர் குந்திய இடத்தில் சொல்லிவிட்டது சற்றே எரிச்சலூட்டியது.

மூக்கில்லாத இருக்கையின் அச்சு நின்றது. புதியதற்கு மூன்று திங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடியாவிட்டால் பணி வேறொருவரிடம் போகும்.

உன் சோதனை அறிக்கையில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: 'விழுந்ததன் காரணம்: மூக்கில்லாமையால் பிடிமானம் இன்மை; வலி தாளாமல் ஓட்டுநர் இருக்கையை இரு விரல் முன்சாய்த்தமை. வலியை அவர் சொல்ல இயலாத முறையில் சோதனையை அமைத்தவர் வடிவமைப்பாளர். கவனக்குறைவு அவருடையது.' கீழே என் ஒப்பம் இருக்கிறது.

கையால் செதுக்கிய இரண்டாவது இருக்கையை அனுப்புகிறேன். ஓட்டிப் பார்த்து எழுது. படிவம் எதையும் வைக்கவில்லை. கட்டங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணி,

இருக்கை வந்தது. பத்து நாளாக நாள்தோறும் மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒரு கையில் பெட்டியைப் பிடித்தேன், கை காட்டித் திரும்பினேன், கல் நிறைந்த சந்துகளில் நுழைந்தேன். தடம் ஒரு விரலுக்கு மேல் பிரியவில்லை. இந்தத் தடுமாறா நிலைக்காக உங்களைப் பாராட்ட இதற்குமேல் சொல் செலவழிக்க மாட்டேன். ஏனெனில் குறைகள் இருக்கின்றன.

வலிக்கிறது. நடுவில் இல்லை, பிளவு நன்றாகவே வேலை செய்கிறது, தையல் இருந்த இடத்தில் எதுவும் படவில்லை. வலிப்பது வலத்தொடையின் உட்புறம், மேலே, இடுப்பு மடிப்புக்கு மூன்று விரல் கீழே. மூக்கும் அகன்ற பகுதியும் சேரும் வளைவில் ஒரு விளிம்பு இருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் அது தொடையை அறுக்கிறது. முதல் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மணி நேரத்தில் எரியும். நான்காம் நாள் தோல் உரிந்தது. இடப்பக்கம் இல்லை, செதுக்கியபோது உங்கள் கை ஒருபக்கம் அழுந்திற்றோ என்னவோ! மாதவிடாய் நாள்களில் முன்பக்கம் முழுதுமே உறுத்துகிறது; அந்த நாள்களுக்கு வேறு கணக்கு வேண்டும். உங்கள் அழுத்தத் தாளில் அது வருமா, வராதா என்று தெரிந்துகொள்ள ஆவல். வலி இருக்கும் இடங்களைப் படம் வரைந்து குறித்திருக்கிறேன். எனக்கு வரைய வராது, எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஐவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவர்கள் சொன்னதையும் எழுதலாமென்று தாளை எடுத்தேன். "நீ எழுதாத, நானே எழுதுறேன், நீ பாதியை விட்டுடுவ" என்று சுழல்காற்று பிடுங்கிக்கொண்டாள். பின்பக்கம் முழுவதும் அவளுடையது. ஓரத்தில் நெருக்கி எழுதியது நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் செவிலியுடையது. மற்ற மூவருக்கும் தாள் போதவில்லை. தனி உறையில் வருகிறார்கள்.

நாத்தனார்